பிடித்து வைத்துப் படிக்கலாம்

மூன்றும் சும்மா கிடைப்பவைதான். சும்மா கிடைக்கிற மூன்றில் ஒன்றைப் பொறுக்க இவ்வளவு யோசனையா என்று புருஷன் கோமதிநாயகம் கேட்டால் செண்பகவல்லிக்குப் பதில் சொல்லத் தெரியாது. நல்லவேளையாக அவர் கேட்கிற நிலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு அவரை முன்னறையில் சாய்த்துப் போட்டிருந்தது. நெஞ்சின் மேல் பேப்பர் ஏறி ஏறி இறங்கியது. இவள் உள்ளறையில், கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கிற கம்ப்யூட்டருக்கு முன்னால், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். திரையில் மூன்று படம். ஒரு கழுகு, ஒரு பேப்பர்க் கட்டு, ஒரு தபால் பை. சிவகாசி அச்சாபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற அல்போன்ஸ் நேற்று வந்து, ஏதோ பத்திரிகையோடு இனாமாக வந்த சிடியிலிருந்து மூன்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூன்றும் நியூஸ்குரூப், அதாவது இன்டர்நெட்டில் ஆள்கள் கூடி எழுதிப் போடுறதைப் படிக்கிறதுக்குத்தான், கழுகு ஆன்லைனுக்கு நல்லது, மற்ற ரெண்டும் ஆஃப்லைனுக்கு, உங்களுக்கு எது தோதோ அதை வச்சுக்கிட்டு மத்ததை அழிச்சிருங்க என்று சொன்னார். சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எது தோது என்று அவருக்கா தெரியும்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்காதே என்பார்கள். ஆனால் இவளுக்கு மாட்டைப் பற்றிக் கவலையில்லை. அது எங்கே கூட்டிப் போகப் போகிறது என்றுதான் பயம். இதுவரை தம்பி எழுதுவதைக் காட்டிவந்த பழைய நியூஸ் ரீடர்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும். அதுதான் அவளுடைய வேண்டுதல். செண்பகவல்லித் தாயே, உன் பேரை வச்சுக்கிட்டுக் கேக்கேன், கெட்டுப்போனது அந்த ரீடராகவே இருக்கட்டும், தம்பிக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது.

தம்பி என்றால் உலகநாதன், உலகு. அமெரிக்காவில் குளிர் கொட்டுகிற ஏதோ ஒரு ஊரில் ஆராய்ச்சிப் படிப்பு. அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அப்புறம் சோறு போட்டது, சட்டை தைத்துக் கொடுத்தது, காய்ச்சலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தது எல்லாம் இவள்தான், அதைப் பெரிய காரியமாக எண்ணி இவள் சொல்லிக்காட்டியதும் கிடையாது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை தெருவிளக்கு எரிகிற நேரத்துக்கு அவன் போன் பண்ணுவான், அங்கே அப்போதுதான் விடியும். சாப்பிட்டியாலே, சாப்பிட்டேன்க்கா. குளிரு எப்படி இருக்கு, பரவாயில்லக்கா. எப்படிலே இருக்கே, நல்லாருக்கேன்க்கா. அந்த நல்லாருக்கேனை எதில் வைத்து நிறுக்க? முதல் வருஷம் அவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வகுப்புக்குப் போகாமல், சோறு தண்ணி இறங்காமல், படுக்கையைவிட்டு எழாமல் கிடந்தானே, அப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வந்தது, அப்போதும் நல்லாருக்கேன்க்கா என்றுதான் சொன்னான், குரலில் ஒரு பிசிறு இல்லை. கூடப் படிக்கிற தெலுங்குக்காரர் ஒருத்தர் நம்பர் கண்டுபிடித்து இங்கிலீஷில் சொன்ன பிறகுதான் விஷயமே தெரியும். டாக்டரைப் பார்த்தான், மருந்து சாப்பிட்டான், தேறினான். அதெல்லாம் சரி. ஆனால் அன்றிலிருந்து அந்த வார்த்தையின் மேல் இவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. கோமதிநாயகம் சொல்வார், அவன்தான் நல்லாருக்கேங்கானே, பெறகு என்ன உனக்கு என்று. ஆம்பளைகளுக்கு வார்த்தை போதும். நமக்குப் போதலையே.

தேறின பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னான், அக்கா, நானே சமைக்கேன், இன்டர்நெட்டில் நம்மூர்ச் சமையலுக்கென்று ஒரு குரூப் இருக்கு, உலகம் பூராவும் இருக்கிற ஆள்கள் அங்கே எழுதிப் போடுவாங்க, கேட்டால் பதில் சொல்வாங்க. அவ்வளவுதான் சொன்னான். இவள் மறுநாளே அல்போன்ஸைப் பிடித்து, அந்தக் குரூப் எங்கே இருக்கிறது, எப்படிப் போவது என்று கேட்டுத் தேடிப் போய்விட்டாள். போய், ஒரு ஓரமாக நின்று பார்த்தாள். ஒரு வார்த்தை எழுதவில்லை. யாருக்கும் தெரியாமல் நின்று பார்க்கிறதில் என்ன குற்றம், சந்தியில் நின்று பேசுகிறவன் பேச்சு போகிறவர் வருகிறவர் காதில் விழத்தானே செய்யும்? அங்கே அவன் வேறு ஆளாக இருந்தான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதி வளவளவென்று பேசினான். மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது, ஹீட்டர் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்றான். நேற்று ஒன்றும் சமைக்கப் பிடிக்கவில்லை, ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன் என்றான். இன்று பனி விட்டது, நடந்து போய் வெண்டைக்காய் வாங்கினேன், மனசு லேசாக இருந்தது என்றான். இதைத்தானே பாவி போனில் சொல்ல வேண்டும். அவன் சமைத்த நாள், சமைக்காத நாள், இதை வைத்தே இவள் அவன் நாடியைப் பிடித்துவிடுவாள். ஒரு தடவை வாய் தவறிவிட்டது. கடுகு தீர்ந்துபோச்சாமே, வாங்கிட்டியாலே என்று போனில் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்தாள். அந்தப் பக்கம் ஒரு மூச்சு நேரம் சத்தமே இல்லை. பிறகு, வாங்கிட்டேன்க்கா என்றான். நான் எப்போ சொன்னேன் என்று கேட்கவில்லை. மறந்துபோயிருப்பான் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது தீபாவளி கழிந்ததிலிருந்து குரூப்பில் அவன் இல்லை. தினம் பார்த்தாள். யார் யாரோ இருந்தார்கள், சிங்கப்பூர்க்காரி புட்டு அவித்தாள், கனடாக்காரர் கருவேப்பிலைச் செடி பட்டுப்போனதற்கு அழுதார், உலகு மட்டும் இல்லை. ஒரு மாசத்துக்கு ஒரு வார்த்தை இல்லை என்றால் என்ன அர்த்தம்? சமைக்கவில்லை. சமைக்கவில்லை என்றால் சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்றால், அதற்கு மேல் போக வேண்டாம், அங்கேயே நில்லு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் வந்தது. நல்லாருக்கேன்க்கா. போன ஞாயிற்றுக்கிழமை வைக்கிற நேரத்தில், வேற ஒண்ணும் இல்லையாக்கா என்றான். வேற என்னலே, ஒண்ணும் இல்ல என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், நிஜமாவே வேற ஒண்ணும் இல்லையா என்றான். அது என்ன கேள்வி? அந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வி இவளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மாப்பிள்ளை பேரைக் கோக்கும்போது வந்தது, பொண்ணு வீட்டார் முகவரியைக் கோக்கும்போது வந்தது, நல்வரவை விரும்பும் என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே வேற ஒண்ணும் இல்லையாக்கா என்று காதுக்குள் கேட்டது. ஒரு ஆள் எதற்கு அப்படிக் கேட்பான்? கிளம்புகிறவன்தான் வாசலில் நின்று திரும்பி, வேற ஒண்ணும் இல்லையே என்று கேட்பான். சீ, என்ன நினைப்பு இது. எந்திரிச்சுப் போய் மூஞ்சியைக் கழுவு.

மூஞ்சியைக் கழுவிவிட்டு வந்து கழுகைத் திறந்தாள். போன் வயரைப் பிடுங்கி மோடத்தில் சொருக வேண்டும், வீட்டுக்கு ஒரே லைன். மோடம் கீச்சிட்டுக் கரகரத்து ஒருவழியாகச் சேர்ந்துகொண்டது. கழுகின் சுபாவம் இரண்டு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. ஒரு தலைப்பைத் தொட்டால் அப்போதுதான் அது போய் அந்த ஒரு கடிதத்தை மட்டும் எடுத்து வரும். படித்து முடிக்கிறவரைக்கும் லைன் நம் கையில். அடுத்ததைத் தொட்டால் மறுபடியும் போய்வரும். அதாவது குழாயடியிலேயே நின்று கையை ஏந்திக் குடிப்பது. இது எந்த ஊருக்குச் சரிப்படும்? எப்போது திறந்தாலும் தண்ணீர் வருகிற ஊருக்குச் சரிப்படும். கோவில்பட்டிக்காரியிடம் வந்து இதைச் சொன்னால் சிரிப்பாள். இங்கே தண்ணீர் வருகிற அன்று குடம், தவலை, அண்டா, வாளி, குழம்புச் சட்டி வரைக்கும் பிடித்து வைத்துவிட்டுத்தான் பெண்பிள்ளைகள் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். குடிப்பதும் குளிப்பதும் பிறகு, முதலில் பிடி. அதிலும் இது உலகு போன் பண்ணுகிற நாள். லைன் கிடைக்காவிட்டால் அவன் இரண்டாம் தடவை முயற்சி பண்ணுகிற ஆளும் இல்லை, பிஸியா இருக்கீங்களோன்னு விட்டுட்டேன்க்கா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். இன்றைக்கு லைன் கிடைக்காமல் போய், அவன் ஏதோ சொல்ல நினைத்தது சொல்லாமல் போய், அப்புறம், வேண்டாம். கழுகை மூடினாள். வயரைப் பிடுங்கிப் போனில் மாட்டி, ரிசீவரை எடுத்து உய்யென்று சத்தம் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள். வந்தது. முன்னறையிலிருந்து குறட்டையும் வந்தது.

அடுத்தது பேப்பர்க் கட்டு. கட்டுக்கு ஒரு குணம், அது முதலில் கேள்வி கேட்கும். எவ்வளவு வேண்டும், எதுவரைக்கும் வேண்டும், தலைப்பு மட்டுமா முழுசுமா. இவளுக்கு அவசரம். மணி பார்த்தால் நாலரை தாண்டியிருந்தது. எதற்கோ சரி என்று அழுத்தி, மறுபடி வயரை மாற்றி, டயல் பண்ணினாள். நீலக் கோடு ஒன்று திரையின் அடியில் ஊர்ந்தது. நீலக் கோடு ஊர்கிற நேரத்தில் மனசு சும்மா இருக்குமா? பழைய ரீடரை நினைத்தது. பழைய ரீடர் நல்ல ரீடர்தான், எவ்வளவு நாள் உழைத்தது. அதில் ஒரு வசதி உண்டு, வேண்டாத ஆளைத் தள்ளி வைக்கலாம், அப்புறம் அவன் எழுதுவது நம் கண்ணிலேயே படாது. மிளகுத்தண்ணி என்று பேர் வைத்துக்கொண்டு ஒரு பயல் குரூப்பில் திரிந்தான். சொந்தப் பேரைச் சொல்ல வெட்கம் போலிருக்கிறது. தீபாவளி சமயத்தில் அவன் உலகுவைப் பிடித்து, நீ வைக்கிறது ரசமா, இதைக் குடித்தால் பாத்திரம் கழுவின தண்ணீர் அமிர்தம், உன்னை வளர்த்தவர்கள் உனக்கு ரசம் வைக்கக்கூடச் சொல்லித் தரவில்லையா என்று எழுதியிருந்தான். வளர்த்தவர்கள். இவளுக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. யாருலே நீ, என் பிள்ளையைச் சொல்ல? அவனே இப்பத்தான் தேறி எந்திரிச்சு நாலு பேரோட பேசுதான், அவனைப் போயி. அந்த நிமிஷமே மெனுவைத் திறந்து தள்ளி வைத்தாள். தள்ளி வைப்பதிலும் இரண்டு விதம் காட்டியது. இந்த ஆள் எழுதுவதை மட்டும் காட்டாதே என்று ஒன்று. இந்த ஆளுடைய இடத்திலிருந்து யார் எழுதினாலும் காட்டாதே என்று இன்னொன்று. செண்பகவல்லிக்கு இரண்டாவதுதான் பிடிக்கும் என்று அவளை அறிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொத்தைக் கத்தரிக்காயைக் கீழே வைத்து நிறுத்தாள் என்று ஒருத்தி மேல் கோபம் வந்து, மார்க்கெட்டில் அந்த வரிசைப் பக்கமே இன்றுவரை போகாதவள். நாத்தனார் ஏதோ சொன்னாள் என்பதற்காக அந்தத் தெரு வழியாகப் போகிற மினிபஸ்ஸிலேயே ஏறாதவள். அவன் மட்டும் என்ன, அவன் கூட்டமே வேண்டாம் என்று இரண்டாவதை அழுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

நீலக் கோடு முடிந்தது. கட்டு தானாகவே லைனை வெட்டிவிட்டு, முடிந்தது என்றது. கெட்டிக்காரக் கட்டு. வயரைப் போனுக்கு மாற்றிவிட்டு வந்து பார்த்தால் தலைப்புகள் இறங்கிக் கிடந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதினவர் பேர். முதல் வரியிலேயே மிளகுத்தண்ணி. இவன் எங்கே இருந்து வந்தான், இவனைத்தான் ஒழிச்சாச்சே என்று முகத்தைச் சுளித்தவள் அதற்குக் கீழே பார்த்தாள். உலகநாதன். அதற்குக் கீழே உலகநாதன். அப்புறம் மிளகுத்தண்ணி, மறுபடி உலகநாதன், சிங்கப்பூர்க்காரி, உலகநாதன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். முந்தாநாள் தேதி போட்டு ஒன்று. அதற்கு முந்தின நாள் இரண்டு. தீபாவளியிலிருந்து ஒரு வாரம்கூட விடாமல் பிள்ளை எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அப்படியென்றால் பழைய ரீடர், அது ஏன், என்று நினைக்கும்போதே கண் பேருக்கு அடுத்து நின்ற ஈமெயில் முகவரிக்குப் போனது. அதை ஒரு நாளும் அவள் பார்த்ததில்லை, பின்கோடைப் பார்த்தா ஆளை அடையாளம் சொல்வார்கள்? உலகுவின் முகவரியில் கொக்கி போட்ட குறிக்கு அந்தப் பக்கம் அவன் படிக்கிற பல்கலைக்கழகத்தின் பேர் இருந்தது. மிளகுத்தண்ணியின் முகவரியிலும் கொக்கிக்கு அந்தப் பக்கம் அதே பேர் இருந்தது. அடி பாதகத்தி. ஒரே இடம். அவன் கூட்டத்தையே தள்ளுகிறேன் என்று, அந்தக் கூட்டத்துக்குள் நிற்கிற சொந்தப் பிள்ளையையும் சேர்த்துத் தள்ளிவிட்டு, ஒரு மாசமாகக் காணோம் காணோம் என்று கோவில் கோவிலாக வேண்டியிருக்கிறாள். ஆடு தோளிலேயே இருக்க ஊரெல்லாம் தேடின கதையாக அல்லவா ஆகிவிட்டது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்காய்க்காரி, நீ நல்லாயிருப்பே, நாளைக்கே உங்கிட்ட வந்து ரெண்டு கிலோ வாங்குதேன்.

ஆனால் கண் சும்மா இருக்க வேண்டுமே. முந்தாநாள் போட்டிருந்தானே, அதன் தலைப்பைப் படித்தது. கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன். உலகநாதன் எழுதியது. கடைசியாக என்றால்? ஓடிப்போய்த் தொட்டாள். வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது, நடுவில் ஒரு வரி, உள்ளடக்கம் எடுத்து வரப்படவில்லை. வேறொன்றைத் தொட்டாள், அதுவும் வெள்ளை. எல்லாம் வெள்ளை. தலைப்பு மட்டுமா முழுசுமா என்று கட்டு கேட்டபோது இவள் அவசரத்தில் தலைப்பு மட்டும் என்று சொல்லியிருக்கிறாள். குடத்தை வரிசையாக வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்காமல் வந்த மாதிரி. கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன். யாரிடம் கேட்கிறான்? என்னத்தைக் கேட்கிறான்? அது ஏன் கடைசி? வேற ஒண்ணும் இல்லையாக்கா என்று போனில் கேட்டான், நிஜமாவே வேற ஒண்ணும் இல்லையா என்று கேட்டான், அப்புறம் இங்கே வந்து கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறான். ஒரு மாசம் எழுதினான் என்பது சரி, எழுதுகிற கை இருந்தது என்பது சரி, அந்தக் கை என்ன எழுதிற்று? முதல் வருஷம் அந்தத் தெலுங்குக்காரர் போனில் சொன்ன ஒரு வார்த்தை, ஹி இஸ் நாட் ஆன்ஸரிங் தி டோர், அது வருஷக்கணக்காக எங்கே ஒளிந்திருந்ததோ, இப்போது வந்து முன்னால் நின்றது. வெளியே வெயில் இறங்கி எதிர்வீட்டு மாடிச் சுவர் மஞ்சளாகியிருந்தது. தெருவிளக்கு எரிய இன்னும் கொஞ்ச நேரம்தான். இப்போது லைனைப் போட்டால் அவன் கூப்பிடுகிற நேரத்தில் அடைந்து கிடக்கலாம். போடாமல் இருந்தால், இதைப் படிக்காமலேயே அவனிடம் பேச வேண்டும், அவன் நல்லாருக்கேன்க்கா என்பான், இவள் சரிலே என்பாள், அவன் வைத்துவிடுவான். அது முடியாது. அதைப் போல ஒரு போன் இனி இவளால் பேச முடியாது.

தபால் பையைத் திறந்தாள். அல்போன்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது, அது கேள்வி கேட்காது, போனால் இருக்கிறதையெல்லாம் வாரிக்கொண்டு வந்துவிடும், அதான் அதுல ஒரு தொந்தரவு. தொந்தரவா? அதுதான் வேணும் எனக்கு. வயரைப் பிடுங்கி, அவசரத்தில் ஒரு தடவை தப்பாகச் சொருகினாள். மோடம் கத்தியது. சேர்ந்தது. பை வாரத் தொடங்கியது. மேலே ஒரு எண் ஓடியது, அதைப் பார்க்கக்கூடாது என்று சுவர்க் காலண்டரைப் பார்த்தாள், இவளே எழுத்துக் கோத்த காலண்டர். அரிசிக் கடைக்காரர் விலாசத்தில் ஒரு கொம்பு விட்டுப்போனதை அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மண்டையை அதில் நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. வாரு, சீக்கிரம் வாரு. குறட்டை நின்றுவிட்டது. கோமதிநாயகம் செருமிக்கொண்டே வந்து கதவு நிலையில் நின்று, லைன போட்டு அடைச்சு வச்சிருக்கியே, ஒந்தம்பி கூப்புடுத நேரமாச்சுல்லா என்றார். ஒரு நிமிஷங்க என்றாள். அவள் குரலைக் கேட்டு அவர் உள்ளே வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவர் மேல் தைல வாடை அடித்தது. பக்கத்து வீட்டில் யாரோ பம்பை அடித்தார்கள், வெறும் காற்றுத்தான் வந்தது, அந்தச் சத்தம் எல்லோருக்கும் தெரியும். பை நிறைந்துவிட்டது. அவள் மோடத்து வயரைப் பிடுங்க, அவரே வாங்கிப் போனில் சொருகி, ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கடைசிக் கடிதத்தைத் தொட்டாள். வந்தது, வெள்ளையாக இல்லை, வரி வரியாக வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அவன் தமிழ். கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன், எங்க வீட்டு ரசத்தில் என்னமோ ஒன்று விட்டுப்போகிறது, புளி, மிளகு, சீரகம், பூண்டு எல்லாம் சரியாக இருக்கிறது, நீங்கள் எல்லோரும் சொன்னதையும் போட்டுப் பார்த்துவிட்டேன், அந்த ருசி வரவில்லை. அவ்வளவுதானா? இதுக்கா கடைசி? அவள் வாயைத் திறந்து மூச்சு விட்டாள். கீழே சிங்கப்பூர்க்காரி கேட்டிருந்தாள், இதற்கு இத்தனை பாடா, உங்கள் அக்காவுக்கு ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார்களே என்று. அதற்கு அவன் எழுதியிருந்தான். போன் போடுகிறேன். ஆனால் போனை எடுத்தால் எனக்கு நல்லாருக்கேன் என்று மட்டும்தான் வாய் வருகிறது. மற்றதெல்லாம் இங்கேதான் வருகிறது. எங்க அக்கா இதைப் படிக்கிறாள் என்று நினைக்கிறேன். கடுகு தீர்ந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாசமாக நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அவளிடமிருந்து ஒரு குறிப்பும் இல்லை. ஒருவேளை அவள் படிக்கிறதை விட்டுவிட்டாளோ என்னவோ. அதற்கும் கீழே மிளகுத்தண்ணி எழுதியிருந்தான், இவனுடைய அறையில் கூட இருந்து இந்த ரசத்தைத் தினமும் குடிக்கிற பாவி நான், அக்கா அவர்களே, நீங்கள் எங்கே இருந்தாலும் உடனே பதில் சொல்லி என் உயிரைக் காப்பாற்றுங்கள், பையன் மூன்று வேளையும் சமைத்து ஊட்டியே என்னைக் கொன்றுவிடுவான். செண்பகவல்லி அதை இரண்டு தடவை படித்தாள். மூன்று வேளையும். கோமதிநாயகம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, என்ன போட்டிருக்கான் என்று கேட்டார். மூணு வேளையும் சமைக்கானாம்ங்க என்றாள். அதைத்தானே அவனும் வாராவாரம் சொல்லுதான் என்றார் அவர். ஆமா என்றாள். அவர் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள், அவரும் கையை இழுக்காமல் நின்றார். வேற ஒண்ணும் இல்லையாக்கா. அட கிறுக்குப் பயலே, அதுக்கா அப்படிக் கேட்டே. நானில்லா கிறுக்கி. அவன் போகிற வழியில் நின்று விடைபெறுகிறான் என்று இவள் நடுங்கிக் கிடக்க, அவன் அங்கே வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு, வருவாளா மாட்டாளா என்று இவளுக்காக நின்றிருக்கிறான். வாரிக்கொண்டு வந்த அத்தனையும் பையில் இருந்தது, ஒரு மாசத்துப் பேச்சு, ஒவ்வொன்றாக, நிதானமாக, ராத்திரிச் சோறு ஆக்கிவிட்டு, லைன் இல்லாமலே படிக்கலாம். கழுகையும் கட்டையும் அழித்துவிட வேண்டியதுதான். பையே போதும்.

தெருவிளக்கு எரிந்தது. போன் அடித்தது. எடுக்கப் போன கோமதிநாயகத்தைக் கையால் நிறுத்திவிட்டு அவளே எடுத்தாள். அந்தப் பக்கம் தூரத்து இரைச்சல், பிறகு அவன் குரல், அக்கா, நல்லாருக்கேன்க்கா, நீங்கல்லாம் எப்படி இருக்கீங்க. எப்போதும் போல அவள் சாப்பிட்டியாலே என்று கேட்கவில்லை.

"கருப்பட்டிலே. எறக்கும்போது ஒரு சுண்டைக்காய் அளவு கருப்பட்டி போடணும். அம்மா அதான் போடுவா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கடுகைக் கேட்ட அன்றைக்கு இருந்ததைவிட அதிக நேரம் சத்தம் இல்லை. இவள் பயப்படவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, தூரத்தில் யாரோ என்னடா என்று கேட்பதும் கேட்டது, அதுதான் மிளகுத்தண்ணியாக இருக்கும்.

"இதைச் சொல்ல உனக்கு இத்தன நாளாக்கா?"

"கொழாயை நானே மூடி வச்சிருந்தேன்லே" என்றாள் செண்பகவல்லி. "இப்பத் தெறந்துட்டேன். நீ எழுது."